பிரான்ஸ் கிராமத்தில் நாலு இரவு: வீட்டோடு சேர்ந்த அறையா, தனி வீடா?

கொரட்டூர்வாசி

வணக்கம். ஜூன் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு பிரான்ஸ் போகிறோம். நான், மனைவி, 11 வயது மகள், 68 வயது அம்மா. பாரிஸில் மூன்று நாள் இருந்துவிட்டு நாலு இரவு கிராமப் பக்கம் தங்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. ஹோட்டல் வேண்டாம், ஒரு வீட்டில் அறையும் காலை உணவும் தருகிற இடமாகப் பாருங்கள் என்கிறாள். தேடினால் லுவார் ஆற்றுக் கோட்டைகள் பக்கமும் ப்ரொவான்ஸ் பக்கமும்தான் முதலில் வருகின்றன. இரண்டு பேர் அறைக்கே ஒரு இரவுக்கு 150 யூரோ, 180 யூரோ என்று பார்த்ததும் மலைப்பாக இருக்கிறது.

அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. முழங்கால் வலி வேறு. எனக்குக் கார் ஓட்டத் தெரியும், சாலையின் வலது பக்கம் ஓட்டிப் பழக்கமில்லை. எந்தப் பகுதிக்குப் போகலாம், உண்மையில் என்ன செலவாகும், அம்மாவை அழைத்துக்கொண்டு போனால் இது சரிப்படுமா?

துலூஸ்_செல்வி

தாராளமாகச் சரிப்படும். ஆனால் லுவாரும் ப்ரொவான்ஸும் வேண்டாம். கடல், பனிச்சறுக்கு, அதிவேக ரயில் இந்த மூன்றும் இல்லாத இடமாகப் பாருங்கள். விலை தானாகவே இறங்கிவிடும். லொத் மாவட்டத்தைச் சொல்வேன். தெற்கே துலூஸிலிருந்து பக்கம். பாரிஸிலிருந்து என்றால் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ஏறி காஓர் ஊருக்கு நேர் ரயில், ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதிவேக ரயில் அந்தப் பாதையில் கிடையாது. அதனால்தான் இன்னும் கூட்டம் மொய்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம், ஓக் மரக்காடு, நடுநடுவே ஆடு மேயும் வேலிக்கல் சுவர்கள். ஆற்றை ஒட்டிக் குன்றின் மேல் தொங்குகிற மாதிரி ஊர்கள். இரவில் விளக்கு வெளிச்சம் மிகக் குறைவு என்பதால் வானம் பார்க்கவே வானியல் ஆர்வலர்கள் வருகிறார்கள். மகளுக்குப் பிடிக்கும்.

நீங்கள் தேடுகிற இடத்துக்கு இங்கே ஷாம்ப்ர் தோத் என்று பெயர். இது சட்டத்தில் வரையறுத்த விஷயம். வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே அறை கொடுக்க வேண்டும், 5 அறைக்கு மேல் கூடாது, ஒரே நேரத்தில் 15 பேருக்கு மேல் கூடாது. படுக்கை விரிப்பும் காலை உணவும் வாடகையிலேயே அடக்கம். தொழிலை ஊர் நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும். லொத் பக்கம் இரண்டு பேர் அறைக்குப் பெரும்பாலும் 65 முதல் 90 யூரோ. நாலு பேருக்கு ஒன்றை ஒன்று தொட்ட இரண்டு அறைகளைக் குடும்ப அறை என்று தருவார்கள், 110 முதல் 140 வரை வரும். இது போக சுற்றுலா வரி உண்டு, ஒரு இரவுக்குத் தலைக்கு ஒரு யூரோவை ஒட்டி இருக்கும். 18 வயதுக்குக் கீழே இருந்தால் அதுவும் இல்லை.

ஒரே வேண்டுகோள்: நாலு இரவையும் ஒரே வீட்டில் தங்குங்கள். தினம் ஒரு ஊர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் அம்மாவுக்கும் கஷ்டம், அந்த வீட்டு மனிதர்களோடு பழகவும் முடியாது. இரண்டாம் நாள் காலையில்தான் அவர்கள் மனசு விட்டுப் பேசவே ஆரம்பிப்பார்கள்.

லாசப்பல்_குமார்

செல்வி அக்கா சொன்ன இடம் நல்ல இடம்தான். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு ஷாம்ப்ர் தோத் சரிவராது என்பது என் கருத்து. ழீத் எடுங்கோ. ழீத் என்றால் குசினியோடு தனி வீடு. நாங்கள் பாரிசிலிருந்து கோடையில் வெளிக்கிட்டால் ழீத்தான் எடுப்போம்.

காரணம் சாப்பாடு. முட்டையும் சாப்பிடாத அம்மாவை அந்தத் தென்மேற்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போறீங்கள். அது வாத்து நாடு. உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். காலையில் பாணும் ஜாமும் சாப்பிட்டு, மத்தியானம் சலாட், இரவும் சலாட் என்றால் வயதான மனுசி மூன்றாம் நாளே சோறு கேட்பா. ழீத் எடுத்தால் பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பலில் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் வாங்கிக்கொண்டு ரயில் ஏறலாம். நாலு பேருக்கு ஜூனில் ஒரு கிழமைக்கு, அதாவது ஏழு நாளைக்கு, 400, 500 யூரோவுக்கே நல்ல கல்வீடு கிடைக்கும். கணக்குப் பார்த்தால் அதுதான் மலிவு.

துலூஸ்_செல்வி

குமார் தம்பி, வாத்து விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் ழீத் கணக்கை முழுசாகச் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை வாரக்கணக்கில்தான் தருவார்கள். ஜூனில் நாலு இரவுக்குத் தருகிறவர்கள் உண்டு, ஆனால் தேட வேண்டும். படுக்கை விரிப்பு, துண்டு, கிளம்பும்போது துப்புரவு, சில வீடுகளில் மின்சாரம் என்று தனித்தனியாகக் காசு வாங்குவார்கள். எல்லாம் கூட்டினால் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை.

அதைவிட முக்கியம், மனைவி கேட்டது ஒரு வீட்டு மனிதர்களோடு இருக்கும் அனுபவம். ழீத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே சமைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் யார்? மனைவியும் அம்மாவும்தானே? விடுமுறை அவர்களுக்கும்தான்.

லாசப்பல்_குமார்

அந்தக் கடைசிக் கேள்வி நியாயம். அதுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் சோற்றுப் பிரச்சினை அப்படியே இருக்கு.

நடைப்பயணி

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. சில ஷாம்ப்ர் தோத்களில் விருந்தினருக்கென்றே தனியாக ஒரு சின்னச் சமையல் மூலை வைத்திருப்பார்கள். குளிர்பெட்டி, மைக்ரோவேவ், இரண்டு அடுப்பு, தட்டு, கரண்டி. கோடையில் தோட்டத்துப் பக்கம் திறந்த சமையலறையாகவும் இருக்கும். விளம்பரத்தில் அதைப் பெரிதாகப் போட மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட வீடு கிடைத்தால் காலை உணவு அவர்கள் கையால், இரவு அம்மாவுக்கு ஒரு பருப்புச் சோறு உங்கள் கையால்.

பண்ணை வீடுகளையும் பாருங்கள். 'பியன்வெனு அ லா ஃபெர்ம்' என்பது விவசாயச் சங்கங்கள் நடத்தும் வலையமைப்பு. 'அக்கெய் பெய்சான்' என்று இன்னொன்று, சிறு விவசாயிகளுடையது. அங்கே அலங்காரம் குறைவு, வாடகையும் குறைவு. ஆட்டுப் பண்ணையாக இருந்தால் காலையில் பால் கறப்பதைப் பார்க்கலாம். 1955இல் தொடங்கிய 'ழீத் த பிரான்ஸ்' வலையமைப்பு எல்லோருக்கும் தெரிந்தது. அவர்கள் நட்சத்திரத்துக்குப் பதில் கோதுமைக் கதிர் போடுவார்கள், ஒன்று முதல் ஐந்து வரை. இரண்டு, மூன்று கதிர் வீடே உங்களுக்குப் போதும். கதிர் கூடுவது வசதிக்கு. வீட்டுக்காரரின் குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான் தனியாக நடப்பவன். அந்தப் பக்கம் லெ புய் ஊரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதை ஃபிழாக், காஓர் வழியாகத்தான் போகிறது. வழி நெடுக நடப்பவர்களுக்கான பொது விடுதிகள் உண்டு, மிக மலிவு. ஆனால் அடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை. அம்மாவுக்கு ஆகாது.

கொரட்டூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. சமையல் மூலை உள்ள வீடு என்பது மனசுக்குப் பிடித்திருக்கிறது. சில சந்தேகங்கள். (1) சில வீடுகளில் இரவு உணவும் உண்டு என்று போட்டிருக்கிறது. அது எப்படி? (2) எலெக்ட்ரிக் குக்கரைக் கையோடு கொண்டுபோய் அறையிலேயே வைக்கலாமா? (3) விசாவுக்கு வீட்டுக்காரர் அழைப்புக் கடிதம் தர வேண்டுமா?

லாசப்பல்_குமார்

இரண்டாவதுக்கு நான் சொல்றன்: வேண்டாம். நூறு, இருநூறு வருசத்து வீடுகள், பழைய வயரிங். தாளிச்ச மணம் திரைச்சீலையில் ஏறினால் அடுத்து வாற விருந்தாளி முகம் சுளிப்பான். அறையில் சமைக்கக் கூடாது என்று அனேகமான வீடுகளில் எழுதியே போட்டிருக்கும். சமையல் மூலையில் வைத்தால் பிரச்சினை இல்லை, அதையும் கேட்டுவிட்டு வையுங்கோ.

இன்னொன்று. ஊரிலிருந்து பொடி, ஊறுகாய், அப்பளம் கொண்டு வரலாம். நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு ஒன்றும் கொண்டு வராதேங்கோ. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. விமான நிலையத்தில் எடுத்துக் குப்பையில் போடுவான்.

துலூஸ்_செல்வி

முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் நீங்கள் மறக்க முடியாத விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

அந்த இரவுச் சாப்பாட்டுக்குத் தாப்ள் தோத் என்று பெயர். உணவகம் இல்லை. அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும்தான், எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே மேஜை, வீட்டுக்காரரும் கூட உட்கார்ந்து சாப்பிடுவார். முன்கூட்டியே சொன்னால்தான் உலை வைப்பார்கள். பெரியவர்களுக்கு 25, 30 யூரோ, பெரும்பாலும் ஒயினும் சேர்த்து. சிறுவர்களுக்குக் கிட்டத்தட்டப் பாதி.

ஏழரை, எட்டு மணிக்கு வாதுமை மரத்தடியில் ஆரம்பிக்கும். ஜூனில் அப்போது வெயில்கூட முழுசாக இறங்கியிருக்காது, பத்து மணி வரை வெளிச்சம். முதலில் பச்சை வால்நட் காயை ஊறவைத்து வீட்டிலேயே செய்த ஒயின், சின்னக் கண்ணாடிக் குவளையில். பிறகு சூப். பழைய ஆட்கள் தட்டில் சூப் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, தட்டை இரண்டு கையாலும் தூக்கிக் குடிப்பார்கள். நான் பார்த்த ஒரு பெரியவர் மீசையைத் துடைத்துவிட்டு அடுத்த தட்டுக்காரருக்கும் ஊற்றப் போனார். அப்புறம் கறி, அப்புறம் ரொக்காமதூர் ஆட்டுப் பாலாடைக்கட்டி, உள்ளங்கையைவிடச் சின்ன வட்டம். கடைசியில்தான் இனிப்பு. இரண்டரை மணி நேரம் ஓடிவிடும். மகள் பாதியில் தூங்கிவிட்டாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அம்மா விஷயத்தில் 'சைவம்' என்று மட்டும் எழுதினால் போதாது. அந்தப் பக்கம் பூண்டு சூப்பிலேயே வாத்துக் கொழுப்பும் முட்டையும் சேரும். அதனால் இப்படிப் பிரித்து எழுதுங்கள்: இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, வாத்துக் கொழுப்பு இல்லை, இறைச்சி வேகவைத்த நீர் இல்லை, ஜெலட்டின் இல்லை. பால், வெண்ணெய், தயிர் சாப்பிடுவாரா என்பதையும் எழுதுங்கள். பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளில் பெரும்பாலும் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள்தான் சேர்ப்பார்கள். அம்மாவுக்கு அது ஆகாது என்றால் பாலாடைக்கட்டியையும் விலக்குங்கள். எழுதிக் கொடுத்தால் பயறு, தக்காளி, கத்திரிக்காய், ஆலிவ் எண்ணெய் வைத்து நல்ல சாப்பாடே செய்வார்கள். நாலு இரவில் ஒரு இரவோ இரண்டு இரவோ மட்டும் அங்கே சாப்பிடுங்கள். மற்ற நாள் சமையல் மூலை.

காலைச் சாப்பாட்டில் அம்மாவுக்குச் சிரமமே இல்லை. பகேத் ரொட்டி பெரும்பாலும் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் இவ்வளவுதான். வெண்ணெய், பிளம்ஸ் பழ ஜாம், தயிர். ஜூன் கடைசியில் அந்தப் பக்கத்துக் கெர்சி முலாம்பழம் வர ஆரம்பித்துவிடும், அந்த வாசனையை வந்து பார்த்தால்தான் தெரியும். வால்நட் கேக்கிலும் ப்ரியோஷிலும் முட்டை உண்டு, க்ருவாஸான் மேலேயும் முட்டை தடவியிருப்பார்கள், அதை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். காபி பெரிய கிண்ணத்தில் வரும்.

புதுவை_வாத்தியார்

மூன்றாவது கேள்விக்கு என் பதில். அழைப்புக் கடிதம் தேவையில்லை. உறவினர் அல்லது நண்பர் வீட்டில் தங்குகிறவர்களுக்குத்தான் நகராட்சி முத்திரையோடு வரவேற்புச் சான்று கேட்பார்கள். நீங்கள் காசு கொடுத்துத் தங்குகிறீர்கள். முன்பதிவு உறுதிக் கடிதம் போதும். ஆனால் அதில் நாலு பேர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, வரும் தேதி, போகும் தேதி, வீட்டு முகவரி எல்லாம் இருக்கட்டும். சின்ன வீட்டுக்காரர்கள் 'சரி, வாருங்கள்' என்று ஒரு வரி மின்னஞ்சலோடு நிறுத்திக்கொள்வார்கள். விசா அலுவலகத்தில் அதை ஏற்க மாட்டார்கள். அதனால் முதல் கடிதத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

முன்பணம் பற்றியும் கவனமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு கேட்பார்கள். ஒப்பந்தத்தில் அது 'ஆர்' என்று இருக்கிறதா, 'அக்கோம்த்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வகையில் நீங்கள் ரத்து செய்தால் அந்தப் பணம் போகும், வீட்டுக்காரர் ரத்து செய்தால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். இரண்டாவது வகையில் முழு வாடகைக்கும் நீங்கள் கட்டுப்பட்டவர். விசா கிடைக்குமா என்று தெரியாத நிலையில் இரண்டாவது வகையை ஒத்துக்கொள்ளாதீர்கள். என் தங்கை குடும்பத்துக்கு ஒரு வீட்டில் கடைசி நேரத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். காகிதத்தில் முதல் வகை என்று இருந்ததால் இரட்டிப்புப் பணம் கேட்டு வாங்க முடிந்தது.

மீதிப் பணத்தை ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கார்டு இயந்திரம் இல்லாத வீடுகள் ஏராளம்.

மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் வந்து சேரச் சொல்வார்கள். தாமதமானால் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அது அவர்கள் குடியிருக்கிற வீடு. உள்ளே நுழைந்ததும் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லுங்கள். மகளையும் சொல்ல வையுங்கள். அதைச் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால் மனசு சுருங்கிவிடுவார்கள்.

கொரட்டூர்வாசி

வாத்தியார் ஐயா, மிக்க நன்றி. விசா பயம் தீர்ந்தது. இனி கார். கார் இல்லாமல் முடியாதா?

லாசப்பல்_குமார்

கார் இல்லாமல் ரொக்காமதூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஊர் இன்னும் நாலு கிலோமீற்றர் தள்ளி. பஸ் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு, ஞாயிறு அதுவும் சந்தேகம். நடக்க ஏலாத அம்மாவோடு கார்தான் வழி. காஓரில் அல்லது ப்ரீவில் இறங்கி எடுங்கோ. ஒட்டோமட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கோ, சின்ன ஊர்களில் ஒன்றிரண்டுதான் நிற்கும். வாடகைக் கார் கந்தோர் மத்தியானம் இரண்டு மணித்தியாலம் பூட்டு, ஞாயிறு முழுக்கப் பூட்டு. அதுக்கேற்ற மாதிரி ரயில் எடுங்கோ. அந்தப் பாதையில் திருத்த வேலைகளும் நடக்கிறபடியால் தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கோ.

இந்திய லைசென்ஸோடு சர்வதேச அனுமதியும் எடுத்து வாங்கோ. வலது பக்கம் ஓடுவது அரை மணித்தியாலத்தில் பழகிவிடும். கவனிக்க வேண்டியது வேறு: பலகை ஒன்றும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வாறவனுக்குத்தான் முதலிடம். வயலுக்குள்ளிருந்து வாற சின்ன ரோட்டாக இருந்தாலும் நிற்க வேண்டும். கிராமத்து ரோட்டில் வேகம் பொதுவாக 80 கிலோமீற்றர், சில மாவட்டங்களில் 90. சிவப்புக் கரை போட்ட ஊர்ப் பெயர்ப் பலகையைக் கண்டால் அதுவே 50 என்றுதான் அர்த்தம், தனியாக இலக்கம் போட மாட்டான்.

பெற்றோல் அடிக்கிற இடம் பெரும்பாலும் சூப்பர்மார்க்கெட் வாசலில், ஆள் இல்லை, கார்டு மட்டும். அடிக்க முதலே நூறு யூரோவுக்கு மேல் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும், அதனால் கார்டில் மிச்சம் இருக்கட்டும்.

நடைப்பயணி

அறை எடுக்கும்போது அம்மாவுக்குத் தரைத்தளம் என்று எழுதிக் கேளுங்கள். கோபுரம் மாதிரி வீடுகள், படி சுற்றிச் சுற்றி ஏறும், கைப்பிடி ஒரு பக்கம் கயிறாகவே இருக்கும். வெந்நீர்த் தொட்டி சிறிது, நாலு பேரும் வரிசையாகக் குளித்தால் நாலாமவருக்குப் பச்சைத் தண்ணீர்தான், காலை இரண்டு பேர் இரவு இரண்டு பேர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, ஒரு சின்ன மக் எடுத்துப் போங்கள். கிராமங்களில் பெரும்பாலும் கழிவுத் தொட்டிதான், ஈரத் துடைப்பானையெல்லாம் உள்ளே போடக் கூடாது.

ஏசி இருக்காது. பகல் முழுக்க ஜன்னலின் மரக் கதவுகளைச் சாத்தி வைத்து, இருட்டின பிறகு திறந்துவிடுவார்கள். இரண்டடி கல் சுவர். வெயில் அலை வந்தாலும் உள்ளே தாங்கும், வீட்டுக்காரர் சாத்தச் சொன்னதைத் திறந்து வைக்காமல் இருந்தால்.

துலூஸ்_செல்வி

பார்க்க வேண்டிய இடங்களில் அம்மாவின் முழங்காலை வைத்துச் சொல்கிறேன். பாதிராக் குகைக்குக் கண்டிப்பாகப் போங்கள். 1889இல் எதுவார் அல்ஃப்ரெட் மார்த்தெல் முதலில் இறங்கி ஆராய்ந்த பெரும்பள்ளம், 75 மீட்டர் ஆழம். கீழே போக மின்தூக்கி உண்டு, நிலத்தடி ஆற்றில் படகு ஓட்டிப் போவார்கள். ஆனால் படகிலிருந்து இறங்கிய பிறகு படிகள் நிறைய. அம்மாவுக்கு அந்த இடம் கஷ்டமாகிவிடலாம், முன்பதிவுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே 13 டிகிரிதான், சால்வை வேண்டும்.

ரொக்காமதூரில் யாத்ரீகர்கள் ஏறும் படி 216. பழைய காலத்தில் முழங்காலிட்டே ஏறினார்கள். உங்களுக்கு மின்தூக்கி இருக்கிறது. மேலே கோயிலில் கறுப்பு மாதா. நம்மூர் ஆட்களுக்கு அந்தச் சன்னிதி அந்நியமாகவே தெரியாது, மெழுகுவர்த்தி, நேர்ச்சைப் பொருள், கப்பல் தப்பி வந்தவர்கள் நன்றிக்குத் தொங்கவிட்ட சின்னக் கப்பல் பொம்மை எல்லாம் பார்க்கலாம்.

மகளுக்காகப் பெஷ் மேர்ல் குகை. 1922இல் கண்டுபிடித்தது. புள்ளி போட்ட இரண்டு குதிரைகள், ஏறக்குறைய 29,000 வருஷப் பழசு, அச்சு நகல் இல்லை, மனிதன் கைபட்ட அசல் ஓவியமே. ஒரு நாளைக்கு 700 பேரைத்தான் விடுவார்கள், சீட்டை முன்பே எடுங்கள். பக்கத்திலேயே சேன் சீர் லாபோபி, செங்குத்துக் குன்றின் மேல் ஊர். அழகு என்றால் அப்படி ஓர் அழகு, ஆனால் சந்தெல்லாம் ஏற்றம். அம்மாவைக் கீழே ஆற்றங்கரையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஏறி வரலாம்.

புதன், சனி காலையில் காஓர் தேவாலயத்துக்கு முன்னால் சந்தை. முலாம்பழம், தக்காளி, பூண்டு எல்லாம் அங்கேயே வாங்குங்கள். பன்னிரண்டரைக்கெல்லாம் கட்டிவிடுவார்கள்.

கொரட்டூர்வாசி

முடிவு செய்துவிட்டோம். லொத், ஒரே வீடு, நாலு இரவு, ஷாம்ப்ர் தோத், சமையல் மூலையோடு. குமார் அண்ணா சொன்னபடி லா ஷப்பலில் பச்சரிசியும் துவரம்பருப்பும் வாங்கிக்கொள்கிறோம். இரண்டு வீடுகளுக்கு எழுதினேன். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர், கத்திரிக்காயும் பயறும் செய்து தருகிறேன், வெண்ணெய் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். தரைத்தள அறையும் உண்டாம், நாலு பேருக்கு 125 யூரோ. ஒரே சிக்கல், நாங்கள் காஓர் போய்ச் சேர்வது ஞாயிற்றுக்கிழமை.

லாசப்பல்_குமார்

அப்போ கார் எடுக்க ஏலாது. அந்த வீட்டுக்காரரிடமே கேளுங்கோ, ஸ்டேசனுக்கு வந்து ஏற்றுவீங்களா என்று. எரிபொருள் காசு வாங்கிக்கொண்டு வாற ஆட்கள் இருக்கினம். இல்லாட்டி ஒரு நாள் முந்தி, சனிக்கிழமை காலை ரயிலில் வந்து மத்தியானப் பூட்டு முடிந்ததும் காரை எடுங்கோ. பாரிஸில் ஒரு இரவு குறைந்தால் அதுவும் காசு மிச்சம்தான்.

துலூஸ்_செல்வி

சனிக்கிழமையே வாருங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடையும் இருக்காது. வரும் வழியில் பால், தயிர், காய் வாங்கிக்கொண்டு போய்விடலாம். வெண்ணெய் கேள்விக்கு இன்றே பதில் போட்டுவிடுங்கள். அப்படிக் கேட்கிற வீட்டை விட்டுவிடாதீர்கள்.